உரத்த சுவடுகள்

1

அளவை மீறிய ஒன்று பதிவாகிவிட்டால் அதை என்ன செய்வது என்பது, எதையாவது அளந்து முடிவுக்கு வரும் துறைகள் எல்லாவற்றுக்கும் உள்ள பழைய பிரச்னை. பத்து முறை அளந்ததில் ஒன்பது ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. அது கை நடுங்கியதால் வந்ததா, மற்ற ஒன்பதும் காணத் தவறியதை அது கண்டுவிட்டதா? பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் அந்த ஒன்று மற்ற ஒன்பதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதை நீக்கிவிட்டு வகுத்தாலோ, நமக்குப் பிடிக்காததைத் தள்ளிவிட்டு மிஞ்சியதற்கு உண்மை என்று பெயர் வைத்த பழி வந்து சேருகிறது.

வான சாஸ்திரிகள் இதைப் பற்றி நூறாண்டுக்கு மேல் சண்டையிட்டிருக்கிறார்கள். 1777இல் டேனியல் பெர்னூலி எழுதிய கட்டுரை இந்தச் சண்டையின் ஆரம்ப கால ஆவணங்களில் ஒன்று. மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஓர் அவதானத்தைத் தள்ளுவது அவருக்குச் சம்மதமில்லை. அளக்கும்போதே ஏதாவது விபத்து நேர்ந்தது என்று தெரிந்தால் தள்ளலாம்; எண் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளக்கூடாது. 1805இல் லெஜாந்தர், வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிப்பது பற்றிய தம் நூலின் பிற்சேர்க்கையில், குறைந்த வர்க்க முறையை வெளியிட்டார். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி விடையைத் தேர்ந்தெடுப்பது இந்த முறை. வர்க்கம் எடுப்பதால் பெரிய பிழை இன்னும் பெரிதாகிறது. பத்து மடங்கு விலகியது நூறு மடங்கு உரக்கப் பேசுகிறது. இது லெஜாந்தருக்கும் தெரிந்திருந்தது. அளவுக்கு மீறிப் பிழை காட்டுகிறவற்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடலாம் என்று அவரே வழி சொல்லியிருக்கிறார்.

நீக்குவதையே ஒரு விதியாக்கியவர் ஹார்வர்டைச் சேர்ந்த பெஞ்சமின் பியர்ஸ். 1852இல் அவர் வகுத்த சூத்திரத்தின்படி, எவ்வளவு விலகினால் தள்ளலாம் என்பதைக் கணிதமே சொல்லிவிடும், மனிதனுக்குப் பொறுப்பில்லை. 1856இல் கிரீனிச் வான ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரி இதை மறுத்து எழுதினார். அவதானத்தின் சூழ்நிலையை விசாரிக்காமல், கணக்கை மட்டும் வைத்து ஓர் அவதானத்தைத் தள்ள முடியாது என்ற நிலையில் அவர் நின்றார்.

இந்த இரண்டு கட்சிகளும் பிறகு எங்கேயும் சமாதானம் ஆகிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இவை வானத்தை விட்டுப் பூமிக்கடியில் இறங்கின. எண்ணெயும் வாயுவும் தேடி நிலத்தை அதிரவைத்து அதன் எதிரொலியைக் கேட்கும் துறையில், ஒரு தலைமுறைக் காலம், பியர்ஸின் சூத்திரம்கூடத் தேவைப்படவில்லை. உரத்ததை அடக்கும் வேலையை ஒரு மின்சுற்றே செய்துகொண்டிருந்தது. அது அடக்கியவற்றில் அந்தத் துறை தேடிக்கொண்டிருந்த பொருளின் குரலும் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சரித்திரத்தைப் பற்றியது.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். எதைச் சத்தம் என்று தள்ளுவது, எதைக் குரல் என்று எடுத்துக்கொள்வது என்பதைத் தவிர விமர்சனத்துக்கு வேறு பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையை நாம் செய்யும்போது சாட்சியங்கள் குழம்பிக் கிடக்கின்றன. தள்ளியது சரியா என்று சோதிக்க எந்த வழியும் இல்லை. இங்கேயோ, நிலத்தைத் துளைத்துப் பார்க்கலாம்.

2

முதல் உலகப்போரில் எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்பதை, அதன் ஓசை பல இடங்களுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முயன்றார்கள். அமெரிக்காவில் அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்களில் ஒருவர் ஜான் கிளாரன்ஸ் கார்ச்சர். காற்றில் வரும் ஓசையைப் போலவே நிலத்துக்குள் போய்த் திரும்பும் ஓசையையும் கேட்க முடிந்தால், கண்ணுக்குத் தெரியாத பாறை அடுக்குகளின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். 1921இல் ஓக்லஹோமா மாநிலத்தில் அவரும் அவர் நண்பர்களும் இதைச் செய்து காட்டினார்கள். நிலத்தில் ஒரு வெடி. சற்றுத் தள்ளி நிலத்தின் நடுக்கத்தை மின்னோட்டமாக மாற்றும் கருவிகள். ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு கோடு. தொழிலில் டிரேஸ் என்று சொல்லப்படும் அந்தக் கோட்டைத்தான் இங்கே சுவடு என்கிறேன். கோடு எவ்வளவு தூரம் அசைந்தது என்பது வீச்சு. எப்போது அசைந்தது என்பது நேரம். கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பூமியை நிமிர்த்தி வெட்டிய ஒரு குறுக்குவெட்டுப் படம் கிடைக்கிறது.

இந்தத் துறையின் ஆரம்பக் கஷ்டம் முழுவதும் வீச்சில்தான் இருந்தது. வெடித்தவுடன் வந்து மோதும் அலைக்கும், நான்கைந்து விநாடி கழித்துப் பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து களைத்து வந்துசேரும் எதிரொலிக்கும் இடையே ஒன்றுக்கு ஒரு லட்சம் என்ற விகிதம் அசாதாரணமல்ல. கேட்பவர்கள் கையில் இருந்ததோ சாணளவு அகலமுள்ள புகைப்படக் காகிதம். அதில் 24 கோடுகள் ஓடவேண்டும். கண்ணாடித் துண்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் அந்தக் காகிதத்தில் கோடு வரையும். கோட்டின் கனத்தைவிடக் குறைவாக அசைந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைப்போல் பத்துப் பங்குக்கு மேல் அசைந்தால் பக்கத்துக் கோட்டின்மேல் ஏறிவிடும். ஒன்றுக்குச் சுமார் பத்து: பூமி பேசக்கூடிய லட்சத்தில் காகிதம் கேட்கக்கூடியது அவ்வளவுதான்.

பரிகாரம் வானொலிப் பெட்டியிலிருந்து வந்தது. 1920களின் நடுவில் ஹெரால்ட் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர், பக்கத்து நிலையமும் தூரத்து நிலையமும் ஒரே அளவில் ஒலிக்கும்படி பெருக்கத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். உள்ளே வருவது உரத்திருந்தால் பெருக்கம் குறையும், மெலிந்திருந்தால் கூடும். வீட்டில் சங்கீதம் கேட்கிறவனுக்கு இது வரப்பிரசாதம். 1930களில் எண்ணெய் தேடுகிறவர்கள் இதையே தங்கள் வண்டிகளில் ஏற்றிக்கொண்டார்கள். முதல் அதிர்ச்சியும் கடைசி முனகலும் காகிதத்தில் ஒரே உயரத்தில் நின்றன. படம் பார்க்க அழகாக இருந்தது.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது அவர்கள் கேட்ட கேள்விக்கு நேரம் மட்டுமே போதும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. மேல்நோக்கி ஏறி, கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போன்ற பாறை வளைவுகளில் அடைபட்டு நிற்கும். ஆகவே வளைவுகளைக் கண்டுபிடித்தால் போதும். எதிரொலி எந்த இடத்தில் சீக்கிரம் வருகிறது, எந்த இடத்தில் தாமதமாக வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால் வளைவு தெரிந்துவிடும். எவ்வளவு உரக்க வருகிறது என்ற கேள்வியே எழவில்லை.

ஆனால் கேட்கப்படாத கேள்வி நாளடைவில் கேட்கக் கூடாத கேள்வியாக மாறுகிறது. சௌகரியத்துக்காகச் சமப்படுத்திய படங்களையே ஒரு தலைமுறை பார்த்துப் பழகிற்று. எல்லாப் பாறை எல்லைகளும் ஏறத்தாழ ஒரே வலுவோடுதான் எதிரொலிக்கும் என்ற எண்ணம், யாரும் சொல்லாமலே, யாரும் நிரூபிக்காமலே, படிந்துவிட்டது. அசாதாரணமாக உரத்த சுவடு ஒன்று வந்தால் கருவியில் கோளாறு, இணைப்பு தளர்ந்திருக்கிறது, பக்கத்தில் லாரி போயிருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. காகிதத்தின் அகலம் பூமியைப் பற்றிய ஒரு கொள்கையாக மாறிய விதம் இதுதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தானியங்கிச் சுற்று ஓர் உரத்த எதிரொலியைச் சந்தித்தவுடன் பெருக்கத்தைக் குறைக்கிறது. மறுபடி உயர்த்தச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் வருகிற நியாயமான எதிரொலிகளும் நசுங்கிவிடுகின்றன. உரத்தவன் அடக்கப்பட்டதோடு அவன் பக்கத்தில் நின்றவர்களும் அடி வாங்கினார்கள். படத்தில் காரணமில்லாமல் மங்கலாகத் தெரிந்த இடங்கள் சில, மேலே அடக்கப்பட்ட ஒரு கூச்சலின் நிழல்கள்.

3

உரத்த எதிரொலிக்குப் பொருள் இருக்கலாம் என்பதற்கான சித்தாந்தம் இல்லாமல் இல்லை. கருவிகளுக்கு முன்பே அது வந்துவிட்டது. ஜெர்மனியில் கூட்டிங்கன் நகரத்தில் கார்ல் சோப்ரிட்ஸ் என்ற இளைஞர், ஓர் அலை இரண்டு பாறைகளின் எல்லையில் மோதும்போது அதில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு கடந்துபோகும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார். 1908இல், 26 வயதில், இறந்துபோனார். சமன்பாடுகள் 1919இல்தான் அச்சேறின. அவற்றின் சாரம் எளியது: எதிரொலியின் வலு, இரண்டு பக்கப் பாறைகளின் அடர்த்தியிலும் அவற்றினுள் அலை ஓடும் வேகத்திலும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆக, வீச்சு என்பது பாறையின் குணத்தைப் பற்றிய வாக்குமூலம்.

1951இல் ஜூரிக் நகரத்து ஃபிரிட்ஸ் காஸ்மன் இன்னொரு படி போனார். மணற்பாறை என்பது மணலும் இடைவெளிகளும். இடைவெளிகளில் இருக்கும் திரவம் மாறினால் பாறை முழுவதின் விறைப்பும் எப்படி மாறும் என்று அவர் கணக்கிட்டார். தண்ணீர் நசுங்காது, வாயு நசுங்கும். மணலின் இடைவெளியில் தண்ணீருக்குப் பதில் வாயு இருந்தால் அந்தப் பாறையில் அலையின் வேகம் விழுந்துவிடும், அடர்த்தியும் குறையும். மேலே மூடியிருக்கும் களிப்பாறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகும். சாதாரண எல்லையில் மோதும் அலையின் வீச்சில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்புவதில்லை; இளம் மணலில் வாயு நிறைந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ திரும்பக்கூடும். சோப்ரிட்ஸையும் காஸ்மனையும் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால், வாயு இருக்குமிடம் உரக்கக் கத்தும் என்பது 1951லேயே தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் பார்க்க முடிந்திராது. உரத்தது எதுவும் காகிதத்தை எட்டாதபடி வண்டியிலேயே காவல் போட்டாகிவிட்டது.

காவல் தளர்ந்தது வேறொரு காரணத்துக்காக. 1950களின் முற்பாதியில் காகிதத்தின் இடத்துக்குக் காந்த நாடா வந்தது. ஒன்றுக்குப் பத்து என்றிருந்தது ஒன்றுக்கு நூறாயிற்று. ஹாரி மேய்ன் 1950இல் விண்ணப்பித்து 1956இல் காப்புரிமை பெற்ற முறையில், பூமிக்கடியில் ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து கேட்டு அந்தச் சுவடுகளைக் கூட்டிச் சராசரி எடுக்க முடிந்தது. 1960களின் முற்பாதியில் பதிவே எண்களாக மாறிற்று. கார்ச்சரும் யூஜீன் மக்டெர்மட்டும் 1930இல் தொடங்கிய ஜியோஃபிசிகல் சர்வீஸ் கம்பெனியிலிருந்து கிளைத்ததுதான் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். அவர்கள் இதில் முன்னணியில் இருந்தார்கள். எண்களாகப் பதியும்போது ஒன்றுக்குப் பதினையாயிரம் என்ற அளவுக்கு விகிதம் விரிந்தது.

விரிவைவிட முக்கியம், என் அபிப்பிராயத்தில், வேறொன்று. புதிய கருவிகளிலும் பெருக்கம் ஏறி இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு எண்ணோடும் அந்தக் கணத்தில் பெருக்கம் எவ்வளவு என்பதும் நாடாவில் எழுதப்பட்டது. அடக்கியது எவ்வளவு என்று தெரிந்தால் அடக்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய சுற்று தான் செய்ததற்குக் கணக்கு எழுதவில்லை. அதனால் அந்தக் காகிதங்களின் உண்மையான வீச்சை இன்று எந்தக் கம்ப்யூட்டராலும் மீட்க முடியாது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு நிலத்தைக் கேட்டுப் பதிந்தவை, நேரம் தெரியும், வலு தெரியாது என்ற நிலையில் நிரந்தரமாக நிற்கின்றன.

1960களின் பிற்பாதியில், ஷெல் கம்பெனியின் நியூ ஆர்லியன்ஸ் பிரிவில் மைக் ஃபாரஸ்ட் என்ற புவிபௌதிகவியலாளர் மெக்சிகோ வளைகுடாப் படங்களில் சில உரத்த எதிரொலிகளைக் கவனித்தார். அவை ஏற்கெனவே துளைத்த கிணறுகளில் வாயு மணல் கிடைத்த ஆழங்களோடு பொருந்தின. பொருத்தம் தற்செயலா என்ற சந்தேகம் கம்பெனிக்குள்ளேயே பலமாக இருந்தது. ஆழத்துக்கும் தூரத்துக்கும் உரிய தேய்மானத்தைக் கணக்கிட்டுத் திருத்தி, மற்றபடி சமப்படுத்தாமல், வீச்சை வந்தபடியே விட்டுப் படம் வரைந்தபோது, மங்கிய சாம்பல் நிறத்தின் நடுவே கரிய கீற்றாக அவை எழுந்து நின்றன. இதற்குத்தான் பிரைட் ஸ்பாட், ஒளிப்புள்ளி, என்று பெயர் வந்தது. 1970 டிசம்பரில் லூசியானாவை ஒட்டிய கடற்பகுதிகள் ஏலத்துக்கு வந்தபோது ஷெல் தன் தொகைகளைத் தீர்மானிக்க இந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. போட்டிக் கம்பெனிகள் சிலவும் அதே சமயத்தில் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. எல்லோரும் ரகசியமாக வைத்திருந்தார்கள். 1973, 1974 வாக்கில் ரகசியம் பகிரங்கமாயிற்று.

ஐம்பதாண்டு காலம் எதைத் தேடி வளைவுகளையும் மேடுகளையும் கணக்கிட்டார்களோ, அதுவே நேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, சில இடங்களிலாவது.

4

இந்த இடத்தில் நிறுத்தினால் இது ஒரு நீதிக்கதை ஆகிவிடும்: உரத்தவனை ஒதுக்காதே, அவனே தீர்க்கதரிசி. நம் சூழலில் இப்படிப்பட்ட நீதிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. உரக்கப் பேசுவதே தகுதி என்று நினைப்பவர்களுக்கு இது சௌகரியமாகவும் இருக்கும். ஆனால் சரித்திரம் இங்கே நிற்கவில்லை.

முதலில், உரத்த சுவடுகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே குப்பைதான். நிலத்தில் என்றால் காற்று, மின்கம்பி, போக்குவரத்து, கழன்ற இணைப்பு. கடலில் என்றால் அலைகள் கேபிளை உலுக்குவது, தூரத்தில் போகும் கப்பல். இவற்றை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சிறு கணக்குப் போதும். ஒரே இடத்தைக் கேட்ட 24 சுவடுகளைச் சராசரி எடுக்கிறோம். 23இன் வீச்சு ஒன்று. ஒன்றின் வீச்சு மட்டும் ஆயிரம். சராசரி ஏறக்குறைய 43 வருகிறது. இந்த 43 பூமியில் எங்கும் இல்லை. 23 பேர் சொன்னதும் இல்லை, கூச்சலிட்டவன் சொன்னதும் இல்லை. அடுத்த கட்டத்தில் இன்னும் மோசம். எதிரொலிகளை அவை புறப்பட்ட உண்மையான இடத்துக்குத் திருப்பி அனுப்பும் கணக்கு ஒன்று உண்டு. தனித்த ஒரு பெருவீச்சு அந்தக் கணக்குக்குள் போனால், வில்லாக வளைந்து, பக்கத்தில் நூறு சுவடுகளுக்குப் பரவி, இல்லாத பாறையடுக்கு ஒன்றைச் சிரித்த வாய் போல வரைந்துவிடும். தொழிலில் அதை ஸ்மைல், புன்னகை, என்றே சொல்கிறார்கள்.

ஆக, தள்ளாமல் இருப்பதும் பொய், கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதும் பொய். பெர்னூலியும் பியர்ஸும் மறுபடி வந்து எதிரெதிரே உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இதற்கு ஒரு பதில், அளவுகோலையே மாற்றுவது. வர்க்கத்தை வைத்துக் கணக்கிட்டால் பெரியவன் குரல் பெருகுகிறது. வர்க்கம் எடுக்காமல் விலகலை மட்டும் கூட்டினால் சராசரியின் இடத்தில் இடைநிலை எண் வருகிறது. வரிசையில் நடுவில் நிற்பவனைக் கேட்பது. மேலே சொன்ன 24இல் இடைநிலை எண் ஒன்று. ஆயிரம் பத்தாயிரமாக உயர்ந்தாலும் அது ஒன்றுதான். லெஜாந்தருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1757இல், போஸ்கோவிச் என்ற ஏசுசபைப் பாதிரியார் பூமியின் வடிவத்தைக் கணக்கிட இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டார். கையால் கணக்குப் போடும் காலத்தில் வர்க்கமே எளிது என்பதால் இது பின்தள்ளப்பட்டது. 1973இல் ஜான் கிளார்பூவும் ஃபிரான்சிஸ் மியூரும் ஜியோஃபிசிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, ஒழுங்கற்ற பதிவுகளைக் கையாள இந்தப் பழைய வழியை நில அதிர்வுத் துறைக்கு மீட்டுத் தந்தது. இருநூறு ஆண்டுகள் ஒரு நல்ல யோசனை ஓரமாகக் கிடந்ததற்குக் காரணம் அதன் குறைபாடல்ல, அன்றைய கையின் சோம்பல்.

இன்னொரு பதில், கொல்லாமல் எடையைக் குறைப்பது. ஒவ்வொரு சுவடும் எவ்வளவு கூச்சலிடுகிறதோ அதற்குத் தலைகீழாக அதன் ஓட்டின் மதிப்பைக் குறைத்துவிட்டுப் பிறகு கூட்டுவது. ஊருக்குள், போக்குவரத்துக்கு நடுவே நிலத்தைக் கேட்கவேண்டி வந்தபோது இது கைகொடுத்தது. யாரும் வெளியே அனுப்பப்படவில்லை. யாரும் சபையைக் கைப்பற்றவும் இல்லை. ஆனால் எல்லாச் சுவடும் ஒன்றாகக் கத்தும்போது, அதாவது உண்மையில் வாயு இருக்கும்போது, எல்லோர் எடையும் ஒரே அளவு குறைவதால் அந்தக் குரல் சராசரியில் கெடாமல் நிற்கிறது. இதை ஜனநாயகத்துக்கு உவமையாக்க ஆசை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு சுவடு உரத்ததா என்பது அதன் பக்கத்தில் நிற்கும் சுவடுகளை வைத்துத்தானே தெரிகிறது? அப்படியானால் பக்கத்தில் நிற்பவர்களை மாற்றிப் பார்க்கலாம். அதே சுவடுகளை ஒரு முறை வெடிவாரியாக அடுக்கலாம். கேட்ட கருவிவாரியாக இன்னொரு முறை. பூமிக்கடியில் அவை தொட்ட இடத்தின்படி மூன்றாவது முறை. பக்கத்தில் லாரி போனபோது கேட்ட சுவடு, வெடிவாரி அடுக்கில் ஒழுங்கான கூட்டத்தோடு சேர்ந்து ஒரு எதிரொலியைப்போலவே தோற்றமளிக்கலாம். கருவிவாரி அடுக்கில் அது தனியாக, உறவில்லாமல் நிற்கும். ஒரு கருவி நிலத்தில் சரியாகப் பதியாவிட்டால், அந்தக் கருவி கேட்டவை அனைத்திலும் அதே குறை தெரியும். வாயு மணலின் எதிரொலி மட்டும், எப்படி அடுக்கினாலும், பூமிக்கடியில் அந்த ஒரே இடத்தைத் தொட்டு வந்தவற்றிலெல்லாம் இருக்கும். 1981இல் டானரும் கோய்லரும், ஒவ்வொரு சுவட்டின் வீச்சையும் வெடியின் பங்கு, கருவியின் பங்கு, தூரத்தின் பங்கு, பூமியின் பங்கு என்று பிரித்தெடுக்கும் முறையை எழுதினார்கள். எவ்வளவு உரத்தது என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், இந்தச் சத்தம் யாருடையது என்ற கேள்வி வந்தது. தள்ளுவதா வைத்துக்கொள்வதா என்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

5

இனி, வைத்துக்கொண்டவற்றின் கதை. ஒளிப்புள்ளி பகிரங்கமானதும் அதை நம்பித் துளைத்தவர்களுக்குக் கிணறு எப்போதும் வாயு தரவில்லை. காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. நிலக்கரிப் படிவும் எரிமலைப் பாறையும் உரக்க எதிரொலிக்கும். மெல்லிய அடுக்கு ஒன்றின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் இருந்து வரும் இரண்டு எதிரொலிகள், அடுக்கின் கனம் அலைநீளத்தில் கால் பங்காக அமையும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறி வலுப்பெறும். மெல்லிய படிவங்களைப் பற்றி வைடெஸ் 1973இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கிற்று. இரண்டு சாதாரணர்கள் ஒரே சமயத்தில் பேசியதை ஒரு மகானின் குரல் என்று எடுத்துக்கொண்ட கதை அது.

எல்லாவற்றையும்விடக் கசப்பான பாடம் 1974இல் வந்தது. மணலின் இடைவெளிகளில் வாயு நிறைந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை என்று டொமினிகோ காட்டினார். நூற்றுக்குச் சில பங்கு வாயு தண்ணீரில் கலந்திருந்தாலே அலையின் வேகம் விழுந்துவிடுகிறது. அதற்குமேல் வாயு கூடினாலும் வேகத்தில் பெரிய மாறுதல் இல்லை. சோடா பாட்டிலில் இருக்கும் குமிழிகளும் பெரும் வாயுக் கிடங்கும் கிட்டத்தட்ட ஒரே உரப்பில் கத்துகின்றன. இங்கே கருவி பொய் சொல்லவில்லை, சுவடு பொய் சொல்லவில்லை, வாயுவும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எடுத்துப் பயன்படுத்த ஒன்றுமில்லை. உண்மையான குரல் என்பதும் பெறுமானமுள்ள குரல் என்பதும் வேறு வேறு. முதலாவதை நிரூபித்துவிட்டால் இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டதாக நினைப்பது நமக்கு நன்றாகப் பழக்கமான தவறு.

1984இல் ஆஸ்ட்ராண்டர், ஒரே எல்லையைப் பல கோணங்களிலிருந்து கேட்கும்போது எதிரொலியின் வலு எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொன்னார். சாதாரண எல்லையின் எதிரொலி, கேட்கும் கோணம் சாயச் சாய, பொதுவாக மெலியும். வாயு மணலின் எதிரொலி வலுக்கக்கூடும். சோப்ரிட்ஸின் சமன்பாடுகளில் இதுவும் 1919லிருந்தே இருந்தது. கூட்டிச் சராசரி எடுத்தவுடன் கோணங்களின் வித்தியாசம் கரைந்துபோகிறது. ஆகவே சராசரி எடுப்பதற்கு முந்தைய பதிவுகளுக்கு, தனித்தனிச் சுவடுகளுக்கு, எல்லோரும் திரும்பிப் போகவேண்டியிருந்தது. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவர்களால் திரும்பிப் போக முடிந்தது. இந்தச் சோதனையும் முழுத் தீர்ப்பல்ல. குமிழிகளும் சில சமயம் இதில் தேறிவிடுகின்றன.

இன்று சத்தத்தை நீக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர்களிடம் ஒப்படைக்கிறார்கள். சத்தமுள்ள படத்தையும் சுத்தமான படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டினால் அது தானே கற்றுக்கொள்கிறது. சுத்தமான படத்தைச் சுத்தம் செய்தது யார் என்ற கேள்வி அங்கே புதைந்துகிடக்கிறது. முந்தைய தலைமுறையின் முறைகள் அடக்கிக் கொடுத்ததையே சுத்தம் என்று கற்றுக்கொண்ட இயந்திரம், முந்தைய தலைமுறையின் காகித அகலத்தை மறுபடி பூமியின்மேல் விரித்துவிடும். இந்த முறை அதைச் சூத்திரமாகக்கூட எங்கும் எழுதிவைத்திருக்காது. பியர்ஸாவது தன் விதியை அச்சிட்டு, ஏரி வந்து மறுக்க இடம் கொடுத்தார்.

ஏடு பார்த்துப் பதிப்பிப்பவர்கள், மூலத்தில் ஏற்காத சொல்லையும் பாடபேதம் என்று அடியில் குறித்துவைப்பது வழக்கம். நல்ல ஆய்வுக்கூடங்களில் நில அதிர்வுப் பதிவைச் செப்பனிடுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்: களத்தில் பதிந்த நாடாவைத் தொடுவதில்லை, பிரதியில் வேலை செய்கிறார்கள். எந்தச் சுவடு, எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை, எந்த விதிப்படி, எவ்வளவு குறைக்கப்பட்டது என்று எழுதிவைக்கிறார்கள். நீக்கப்பட்டதைத் தனிப் படமாக வரைந்து, அதில் பாறை அடுக்கின் சாயல் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தால், சத்தம் என்று நினைத்துக் குரலை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், திரும்பிப் போகிறார்கள். குப்பைக்கூடையைக் கிளறிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை மதிக்கிறேன். வெட்டாமல் எந்தத் துறையும் நடக்காது. எதை வெட்டினோம், எதற்காக வெட்டினோம் என்று எழுதிவைத்தவனோடுதான் பின்னால் வருபவன் சண்டை போட முடியும்.